தாயம்மா கடல் பார்த்த கதை

மே மாதம் வந்தால் ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். திருநெல்வேலிக்காரர்கள், சேலத்துக்காரர்கள், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் என்று ஃபேக்டரியில் வேலை பார்த்த வெளியூர்க் குடும்பங்கள் எல்லாம், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த மறுநாளே பெட்டி கட்டிவிடும். போகிறபோது வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை நம் கையில் திணித்துவிட்டு, "ஊர்ல கோயில் கொடை, போகாம இருக்க முடியாது" என்று ஒரு பெருமை வேறு. எங்களுக்கு ஏது ஊர்? என் புருஷன் தேவராஜுக்கு முத்தாபுதுப்பேட்டை. சைக்கிளில் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். அதற்குப் பெட்டி எதற்கு? லீவு முழுக்கப் பிள்ளைகள் எங்கள் உயிரை வாங்கும். "எல்லாரும் ஊருக்குப் போறாங்க, நாம எங்கம்மா போறோம்?" என்று கேட்கும். "சுடுகாட்டுக்கு" என்பேன் நான். என் வாய் அப்படி.

இப்படி ஊர் இல்லாமல் மிஞ்சிப்போன குடும்பங்களுக்காகத்தான் பக்கத்து வீட்டுக் கஜபதி வருஷா வருஷம் டூர் விட்டார். அவருக்கு ஃபேக்டரியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை. அவருடைய அப்பா பருத்திப்பட்டுப் பக்கம் அடுத்தவன் கழனியில் கூலிக்குச் சேறு மிதித்தவர். இவர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்துவிட்டார் என்பதில் அந்தப் பக்கமே அவரைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கும். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து வேன் ஒன்றைப் பேசிக் கொண்டுவந்து நிறுத்துவார். வண்டலூரில் மிருகங்கள், திருக்கழுக்குன்றத்தில் கழுகு, மகாபலிபுரத்தில் சிலைகள், கடைசியில் கடல். இதுதான் டூர். எந்த வருஷமும் மாறாது. பிள்ளைகளுக்கு அது அலுத்ததும் இல்லை.

கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டால் போதும், கஜபதி வேறு ஆள் ஆகிவிடுவார். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டார், தோளில் தூக்கிவைத்துக்கொண்டு புலிக் கூண்டைக் காட்டுவார். வாந்தி எடுத்தால் தன் துண்டால் துடைப்பார். ஏழைபாழை யாராவது காசு தர முடியாமல் ஒதுங்கி நின்றால், "ஏறு மாமே, வண்டி இன்னா ஒங்கூட்டு எடையத் தாங்காதா?" என்று கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவார். நல்ல மனுஷன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவர் பெண்டாட்டிதான் தாயம்மாள். வேப்பம்பட்டுப் பெண். ஒல்லி உடம்பு, மாநிறம், சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். வேன் நிறைய ஜனத்துக்கும் புளிச்சோறு கட்டுவது அவள் பொறுப்பு. முந்தின நாளே புளி காய்ச்சி, விடிவதற்குள் சோறு வடித்துக் கிளறி, பெரிய அண்டாவில் அமுக்கி, மேலே வாழை இலை போட்டு மூடிக் கொடுப்பாள். அவள் கைப் புளிச்சோற்றுக்காகவே டூர் வந்தவர்கள் உண்டு. நானே அதில் ஒருத்தி.

முதல் வருஷம் அவளும் வருவதாகத்தான் ஏற்பாடு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டு அவளுக்கு. அண்டாவை வேனுக்குள்ளே, கால் வைக்கிற இடத்தில் ஏற்றினார்கள். பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறியதில் ஒரு பயல் செருப்புக் காலோடு அண்டாவைத் தாண்டினான். தாயம்மாவுக்கு வந்ததே கோபம். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"சோத்தத் தாண்டலாமா? லட்சுமிடா அது! எடுங்க, மொதல்ல அத்த எடுங்க!" என்று கத்தினாள். அண்டாவைத் தூக்கி எங்கே வைப்பது? பின்னால் எல்லாம் கால். மேலே கேரியரில் வைத்தால் வெயிலுக்குச் சோறு ஊசிப்போகும். கால் படாத இடம் என்று வேனில் இருந்தது அவளுடைய சீட்டு ஒன்றுதான். அவளே இறங்கி, அவளே அண்டாவைத் தூக்கி அதில் உட்கார்த்தி வைத்து, உருண்டுவிடாமல் பழைய புடவையால் சுற்றிக் கட்டினாள்.

"நீ எங்க குந்துவ?" என்று கேட்டார் கஜபதி.

"நீங்க போய்ட்டு வாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான். அதுவே சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த வருஷம் வேன் வந்தாலும் முன்சீட்டில் முதலில் ஏறுவது அண்டா. "அண்டாவுக்கு சீட்டு கீது, ஆக்கினவளுக்கு இல்ல. நல்லா கீதுடா ஞாயம்!" என்று நான் ஒருமுறை உரக்கவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கஜபதியும் சிரித்தார். தாயம்மாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டூர் முடிந்து வந்த மறுநாள் துணி துவைக்கிற கல்லில் அவளைப் பார்க்க வேண்டும். மகன் வேம்புலியின் நிஜார்ப் பையைத் திருப்பி உதறுவாள். மணல் கொட்டும். அதை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். துவைக்க வந்தவள் துவைக்க மாட்டாள்.

"யக்கா, கடலு எம்மாம் பெருசு கீது? நம்ம பருத்திப்பட்டு ஏரி நெம்பினா இருக்குமே, அம்மாம் இருக்குமா?"

"ஏரிக்கு அக்கரை தெரியும்டி. கடலுக்கு அக்கரையே கெடையாது."

"அக்கரை இல்லாத தண்ணி எப்டிக்கா நிக்கும்?" என்றாள். நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

ஆவடி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து ஒரு பஸ், கடற்கரை. இதற்குப் போய் ஒரு பொம்பளை ஏங்குவாளா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "வாடி, நாம ரெண்டு பேரும் போய்ட்டு வரலாம். சோறு ஆக்கி மூடி வெச்சிட்டுப் போனா சாயங்காலம் வந்துடலாம்" என்று கூப்பிட்டேன். தலையை ஆட்டிவிட்டாள்.

"நாமளா போனா அது ஊர் சுத்துறதுக்கா. அவுரு இட்டுகினு போனாத்தான் டூரு."

அவளுக்குக் கடல் வேண்டும். ஆனால் புருஷன் காட்டுகிற கடல் வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விசில் ஊதிக் காட்டுகிறானே, அந்தக் கடலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை. வாயைத் திறந்து கேட்டால் கூட்டிப் போயிருப்பார், கல்நெஞ்சக்காரர் இல்லை. கேட்க மாட்டாள். அவராகக் கூப்பிட வேண்டும். அவருக்கோ அது தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

இந்திரா காந்தி செத்து நாலு வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து, எங்கள் வரிசைக்கு ஞானம்மாள் குடிவந்தாள். நாகர்கோவில்காரி. புருஷன் சூப்பர்வைசர். கடலோரத்தில் பிறந்தவள் என்பதால் எங்கள் டூரைப் பார்த்தாலே அவளுக்கு இளக்காரம். ஒருநாள் குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன, தண்ணீர் நூலாக வருகிறது, பொழுது போக வேண்டுமே, ஞானம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏன் தாயம்மா, ஒங்க வீட்டுக்காரரு ஊருக்கெல்லாம் கடலைக் காட்டுதாரு. ஒனக்கு மட்டும் காட்டவே இல்லையாமே? அவ்வளவு பாசமாக்கும்!"

குழாயடியே சிரித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தாயம்மா முந்திக்கொண்டாள்.

"யாரு சொன்னது? எனக்குக் கண்ணாலம் ஆன புதுசுலயே காட்டிட்டாரு. எம்மாந்தடவ பாக்குறது? அதான் போறதில்ல."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை. ஞானம்மாள் முகம் சப்பென்று ஆகிவிட்டது. என் முகமும்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

"இன்னாடி இப்டி புளுவுற? எப்போ காட்டினாரு ஒனக்கு?"

"வுடுக்கா. அவரப் போயி எல்லார் எதுருலயும் கொறச்சலா பேசுறா. கேட்டுகினு இருக்கச் சொல்றியா?"

"அவுருக்குக் கொறச்சல் வந்தா வரட்டுமே! உண்மதான அது?"

"நீ மட்டும் சொல்லிடாதக்கா" என்றாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. அப்படிச் சத்தியம் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

பொய் என்பது ஆலங்கன்று மாதிரி. விழுதுவிட்டு நிற்க ஆரம்பித்துவிட்டால் நட்டவளாலேயே பிடுங்க முடியாது. குழாயடியில் சொன்னது நாலு வீட்டுக்குப் போய், கடைசியில் கஜபதி காதுக்கே வந்தது. அன்றைக்கு அவர் வாசலில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் புருஷன்தான் கேட்டார்.

"இன்னா மச்சான், புதுமாப்ளையா இருக்கச்சொல்லோ தங்கச்சிய பீச்சுக்கெல்லாம் இட்டுகினு போனியாமே? எங்ககிட்டச் சொல்லவே இல்ல!"

கஜபதி நிமிர்ந்து பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். இப்போது இல்லையென்று சொல்வார், தாயம்மா குட்டு உடையும், உடையட்டும், அப்போதாவது இந்த ஆளுக்கு உறைக்கும் என்று நினைத்தேன்.

"ஆங்... ஆமா, ஆமா. போனோம்" என்றார். அப்புறம் சிரித்தார். "அதெல்லாம் ஒரு காலம் மச்சான்."

அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பெண்டாட்டியே சொல்கிறாள், அப்படியென்றால் போயிருப்போம், நமக்குத்தான் மறந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். ஆம்பளைகளுக்கு என்ன, தங்களைப் பற்றி நல்லதாக யார் சொன்னாலும் நம்பிவிடுவார்கள். உள்ளே அடுப்படியில் தாயம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். அவர் இல்லையென்று சொல்லிவிடுவார் என்று பயந்தாளா, சொல்லிவிட்டால் தேவலை என்று காத்திருந்தாளா, யார் கண்டது.

அதற்கடுத்த டூரில் நான் என் காதாலேயே கேட்டேன். கேளம்பாக்கம் தாண்டித் திரும்பி வருகிறோம். பிள்ளைகள் எல்லாம் தூங்கி வழிகின்றன. முன்னால் ஒரு புதுமணத் தம்பதி. கஜபதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவர்களுக்குக் கதை சொல்கிறார்.

"எம்பொண்டாட்டிய நான் மொத மொதலா கடலுக்கு இட்டுகினு போனேன் பாரு, அலை வந்துச்சு, ஐயோன்னு கத்திகினு என் கையப் புடிச்சா பாரு, வூடு வர வரைக்கும் வுடவே இல்ல. சிப்பி மால ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அத்த அறுந்து போற வரைக்கும் கழுத்துல போட்டுகினு இருந்தா."

அலையாம், கையாம், சிப்பி மாலையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நாலு கேள்வி கேட்டுவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் முகமாக அது இல்லை. நிஜமாகவே அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நடக்காத ஒன்றை ஒரு மனுஷன் இவ்வளவு ஆசையாக நினைத்துக்கொண்டிருக்கிறானே! அந்த ஆசையில் பாதி இருந்தால்கூட அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏற்றியிருக்கலாமே.

அப்புறம் தாயம்மாவுக்கு எல்லாக் கதவும் அடைபட்டுப்போயிற்று. வேம்புலி பெரியவனாகி அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் அம்மாவை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்றான். "பீச்சுக்குக் கூட்டிட்டுப் போடா" என்றேன். "அம்மாதான் பாத்துட்டாங்களே அத்தே. நைனாதான் எப்பவும் சொல்லிகினு இருப்பாரே. திருவேற்காட்டுக்குக் கூட்டிகினு போறேன்" என்றான். அவன்மேல் என்ன தப்பு? தாயம்மாவும் திருவேற்காட்டுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். குங்குமம் கொண்டுவந்து எனக்கு வைத்தாள்.

ஒரு வருஷம் நான் பொறுக்க முடியாமல் சண்டையே போட்டேன். "இந்தத் தடவ அண்டா என் மடியில வரட்டும். சோறு சுட்டாலும் சரி. அவ சீட்டுல அவதான் குந்தணும்" என்று கஜபதியிடம் கத்தினேன். அவருக்கு ஆச்சரியம். "வரட்டுமே கண்ணம்மா! நான் இன்னா வேணான்னா சொன்னேன்? அவளுக்குத்தான் கடல்னா அலுத்துப் போச்சு" என்றார். உள்ளே போய் அவளை இழுத்துவந்து உட்கார வைத்தேன். கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் இன்னும் கிளம்பவே இல்லை. ஆனால் அவள் முகம் ஏற்கெனவே எங்கேயோ போய்விட்டிருந்தது.

அப்போதுதான் வந்து சேர்ந்தான் பால்ராஜ். ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்த பையன், வேலப்பன்சாவடியில் குடியிருந்தான். பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருகிறான். பஸ் கிடைக்கவில்லையாம். இருந்த இடமெல்லாம் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேனைப் பார்த்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா பார்த்தாள். கஜபதி தலையைச் சொறிந்தார்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தாயம்மா இறங்கிவிட்டாள்.

"நீ குந்தும்மா. கொழந்த வெச்சிகினு கீற. நான் எப்பவோ பாத்ததுதான்."

"அடியே!" என்று கத்தினேன். மடியில் அண்டா, எழுந்திருக்கவும் முடியவில்லை. "ஏறுடி! அவங்க அடுத்த வருசம் வரட்டும்!"

"சும்மா இருக்கா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

கஜபதிக்குப் பெருமை தாங்கவில்லை. வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாத்தீங்களா, எந்தாயி மனச! இதுக்குத்தான் நான் குடுத்து வெச்சவன்னு சொல்றது" என்று விசிலை ஊதினார். வேன் கிளம்பிவிட்டது. அன்றைக்கு நான் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்புகளுக்குக் காவலாக மணலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. அவர் மேலா, அவள் மேலா, அந்தக் குழந்தைக்காரி மேலா. எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களாகச் சேர்ந்து ஒருத்தியைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு வந்திருந்தோம்.

பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. ஆளுக்கொரு ஸ்கூட்டர் வந்தது. பிள்ளைகள் தண்ணீர்ச் சறுக்கு விடுகிற பார்க்குகளுக்குப் போக வேண்டும் என்றன. புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு கழுகு பார்க்கப் போக யார் வருவார்கள்? ஒரு வருஷம் கஜபதி வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார். வேனில் பாதிகூட நிறையவில்லை. விட்டுவிட்டார். விசில் ஆணியில் தொங்கியது.

அந்தச் சமயத்தில்தான் தாயம்மாவின் சோற்றில் கல் வர ஆரம்பித்தது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. வாசலில் கோலம் போட்டால் புள்ளி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். "இன்னாடி ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டால், "ஒன்னியும் இல்லக்கா, அசதி" என்பாள். ஒருநாள் நான் வாசலில் எதிரே நிற்கிறேன், "யாரு?" என்கிறாள். பகல் நேரம்.

சர்க்கரை. எத்தனை வருஷமாகவோ இருந்திருக்கிறது. எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்து கெட்டுவிட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். லேசர் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோதே ஏன் சொல்லவில்லை என்று வேம்புலி கத்தினான். "வயசானா அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன்பா" என்றாள். நாற்பத்தைந்துகூட ஆகவில்லை பாவிக்கு.

கஜபதி ஒடிந்துபோனார். ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுப்பார், தலைவாரிவிடுவார், பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவார். இத்தனை பாசம் இந்த ஆளுக்குள் எங்கே கிடந்தது என்று நானே அசந்துபோனேன். ஒரு மே மாதம், பக்கத்து வீடுகள் எல்லாம் ஊருக்குப் போய் வரிசையே வெறிச்சென்று இருந்தபோது, வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அவளுக்கு நான் இன்னா செஞ்சேன் கண்ணம்மா? ஒண்ணுமே செய்லியே. சொல்லு, அவளுக்கு இன்னா புடிக்கும்? ஒனக்குத் தெரியும். நீ சொல்லு."

"கடலுக்கு இட்டுகினு போங்க அண்ணாத்தே."

"கடலா? அதான் அவ பாத்துருக்..."

"பாத்தா இன்னா? இன்னொரு தடவ போகக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன். உண்மை நாக்கு நுனியில் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து தாயம்மா, "கண்ணம்மாக்கா" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு கூப்பிடலில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். என்னை அவள்தான் வரச் சொன்னாள். ரயிலில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தார் கஜபதி. ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வில்லிவாக்கம், பெரம்பூர், பேசின்பிரிட்ஜ். சென்ட்ரலில் இறங்கி பஸ் பிடித்தோம். கடற்கரையில் இறங்கியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. திருவிழாக் கூட்டம். பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டு ஓடின, பலூன் சுடுகிறார்கள், குதிரைக்காரன் கத்துகிறான். மணலில் அவளுக்கு நடக்க வரவில்லை. கால் புதையப் புதைய, "இன்னா மெத்துனு கீது" என்றாள். நிஜார்ப் பைகளிலிருந்து உதிர்த்துப் பார்த்தவள்தானே, இவ்வளவு இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டாள்.

ஈர மணலுக்கு வந்ததும் நின்றோம். அவள் முகம் பக்கவாட்டில், வெளிச்சம் அதிகமாக இருந்த ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. கஜபதி அவள் தோளைப் பிடித்து மெல்லக் கடல் பக்கம் திருப்பினார்.

"நேரா பாரு. எதுருலதான் கீது."

அலை வந்து அவள் கால்களில் ஏறியது. "ஐயோ" என்று கத்திவிட்டாள். பின்னால் சாய்ந்து, தடுமாறி, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அலை திரும்பும்போது காலுக்கடியில் மணலையும் இழுத்துக்கொண்டு போகுமே, அதற்கு அவள் உடம்பெல்லாம் நடுங்கியது. முதல் தடவை கடலில் நிற்கிற எந்தப் பிள்ளையும் அப்படித்தான் நடுங்கும். டூர் விட்டு டூர் விட்டு எத்தனை பிள்ளைகளை அப்படிப் பார்த்தவர் கஜபதி! இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரிந்துகொள்ளேன்யா, இப்போதாவது தெரிந்துகொள் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா கண்ணம்மா! அன்னிக்கும் இதே மாரிதான். ஐயோன்னு கத்திகினு என் கையப் புடிச்சா. அப்டியே கீறா பாரு, கொஞ்சங்கூட மாறல. ஞாபகம் கீதா தாயி? கண்ணாலமான புதுசுல வந்தமே, ஞாபகம் கீதா?"

தாயம்மா அலை வந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த அலை வந்து போயிற்று. அதற்கடுத்ததும் வந்து போயிற்று. கையை அவள் விடவில்லை.

"இல்லாம?" என்றாள். "அன்னிக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது."